‘போயிட்டார்’ ஏற்கப்படாது

ஒருவன் ஊருக்கு எதற்காக வந்திருக்கிறான் என்பதை முன்பெல்லாம் அவனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது விமான நிலையத்திலிருந்து அவன் எந்த வண்டியில் வந்து இறங்கினான் என்று பார்த்தாலே போதும்.

சென்னையின் புது விமான நிலையத்தை அவ்வளவு தள்ளிக் கட்டியிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் ஆந்திராவிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அங்கிருந்து நகரத்துக்கு மூன்று வழி உண்டு. பூமிக்கடியில் குழாய்க்குள் பாய்கிற நாலு இருக்கைக் கூண்டுக்கு மின்னல் என்று பெயர். உட்கார்ந்து பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் சென்ட்ரல் வந்துவிடும். அடுத்தது ரயில். கடைசியாகத் தென்றல். தென்றல் என்றால் பஸ். ஏரிக்கரை, கோயில் வாசல், கல்லூரி வாசல், யாரும் ஏறாத நிறுத்தம், யாரும் இறங்காத நிறுத்தம் என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு சாவகாசமாக நகரத்துக்கு வரும்.

ஆரம்பத்தில் காசு உள்ளவன் மின்னலில் போனான். அது அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றமும் அநியாயம்தான் என்றது. யாருக்கு அவசரமோ அவருக்கே மின்னல் என்று தீர்ப்பாயிற்று. அவசரத்தை அளப்பதற்காகப் பெட்டி வந்தது. மார்பு உயரத்துக்கு ஒரு கறுப்புத் தூண். அதன் முன்னால் நின்று, எதற்காக நகரத்துக்குப் போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். கையால் எழுத விட்டபோது ஜனங்கள் கூச்சமில்லாமல் பொய் எழுதினார்கள்; சத்தமாகச் சொல்லச் சொன்னால் கொஞ்சம் குறைகிறதாம். பெட்டி கேட்டுக்கொள்ளும், ஆஸ்பத்திரி, அலுவலகம், கல்யாண மண்டபம், மாநகராட்சி என்று எல்லா இடத்துப் பதிவுகளையும் ஒரு நொடியில் பார்த்துவிடும், வண்டியைச் சொல்லும். வாடகைக் காரோ ஆட்டோவோ சொந்த வண்டியோ வாசலை நெருங்கக்கூடாது.

நியாயமான ஏற்பாடுதான். நியாயமான ஏற்பாடுகளுக்கே உரிய சங்கடங்களும் அதில் இருந்தன. காதலியைப் பார்க்க வந்த ஒருவனுக்குத் தென்றல் கொடுத்த பெட்டி, அவனுக்குப் பின்னால் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவனுக்கு ரயில் கொடுத்தது. அந்தக் காதல் அத்தோடு முறிந்தது. பெண்டாட்டியை அழைத்துப் போக வந்த மாப்பிள்ளை தென்றலில் வந்து இறங்கினால் மாமியார் வீட்டில் காபி ஆறித்தான் வந்தது.

ஆதவனுக்கு இதெல்லாம் கேள்விஞானம்தான். அவன் கோயம்புத்தூர்க்காரன். படிப்பு முடிந்ததும் கனடா போனவன், கால்கரியில் வேலை. மனைவி இலக்கியா சென்னைப் பெண். அவளுக்குக் குழந்தை பிறந்து இன்னும் தீட்டுக்கூடக் கழியவில்லை. பிரசவம் பார்க்க வந்திருந்த மாமியார் செண்பகவல்லியை அவசரமாகத் திருப்பி அழைத்துக்கொண்டு, இரண்டு விமானம் மாறி, ஒரு முற்பகலில் அந்தக் கறுப்புத் தூணின் முன்னால் வந்து நின்றான்.

“வணக்கம். உங்கள் நோக்கத்தைக் கூறவும்,” என்றது பெட்டி. செய்தி வாசிப்பவரின் தமிழ்.

விமானத்திலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆதவன் ஒப்பித்தான். “என் மாமனார் தாமோதரன் ஆஸ்பத்திரியில சீரியஸா இருக்காருங்க. இவங்க அவரோட மனைவி. ரெண்டு பேரும் உடனே போகணும்.”

இதில் பாதி பொய். தாமோதரன் இரண்டு நாள் முன்பே இறந்துவிட்டார். காலையில் பேப்பரைப் பிரித்தவர் அதை மடிக்கவில்லை. மகன் வசந்த் கால்கரிக்குப் போன் செய்து ஆதவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான். மற்றவர்களுக்கு ‘கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வரணும்’ என்று சொல்லச் சொன்னான். நம் பக்கம் இது ஒன்றும் புதிதல்ல. பயணத்தில் இருக்கிறவரிடம் சாவைச் சொல்வதில்லை. வந்து இறங்கித் தெருமுனையில் திரும்பும்போது, வாசலில் போட்ட பந்தலையும் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பார்த்து அவர்களே தெரிந்துகொள்ள வேண்டியது. அதுவரைக்கும் சீரியஸ்.

பெட்டி ஒரு நொடி எடுத்துக்கொண்டது.

“நன்றி. தாமோதரன் என்பவர் தற்போது எந்த மருத்துவமனையிலும் நோயாளியாக இல்லை. உங்கள் இருவருக்கும் தென்றல் ஒதுக்கப்படுகிறது. பயணம் இனிதாகுக.”

செண்பகவல்லி பெட்டியைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தாள். “எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்லையாமே?”

“வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க அத்தை. கொஞ்சம் தேவலாம்னு ஆகியிருக்கும்.”

“அப்ப நல்லதுதான்,” என்றாள் அவள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோவில்பட்டியில் பிறந்து சென்னையில் குடித்தனம் செய்தவள்; அதிகம் பேசமாட்டாள், அதிலும் மாப்பிள்ளையிடம் அளந்துதான் பேசுவாள்.

அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஆதவன் தள்ளிப் போய் மைத்துனனைக் கூப்பிட்டான்.

“அத்தான், இறங்கிட்டீங்களா? நாலு மணிக்கு எடுக்கணும்,” என்றான் வசந்த். பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது.

“தென்றல் குடுத்திருக்குடா. போய்ச் சேர அஞ்சு, அஞ்சரை ஆகுமாம். கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?”

“மயானத்துக்கு நேரம் குடுக்கறதும் அதே பெட்டிதான் அத்தான். இதை விட்டா நாளன்னிக்குத்தான். ஏற்கனவே ரெண்டு நாள் ஃப்ரீசர் பாக்ஸ்ல வச்சாச்சு, இதுக்கு மேல முடியாதுன்னு பெரியவங்க சத்தம் போடறாங்க. எப்படியாவது அம்மாவைக் கொண்டு வந்து சேர்த்துடுங்க. அப்பா முகத்தைப் பாக்காம எடுத்தா அவங்க தாங்க மாட்டாங்க.”

“சரிடா, ஆனா எப்படி?”

“எப்படியாவது. ஆனா விஷயத்தைச் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு பி.பி. இருக்கு.”

வைத்துவிட்டான். வீட்டில் இருக்கிறவர்களுக்கு எப்போதும் ‘எப்படியாவது’ என்று சொல்ல முடிகிறது.

தூண்களின் வரிசைக்குக் கடைசியில் ஒரு மேஜை. ‘விளக்க அலுவலர்’ என்று பலகை போட்டிருந்தது. பெட்டி சொன்ன வண்டி பிடிக்காதவர்கள் அங்கே போய்ச் சண்டை போடலாம். வண்டி மாறாது, சண்டை மட்டும் தீரும். அதனால் எல்லோரும் அதைச் சமாதான சீட் என்றார்கள். அன்று அதில் இருந்தவள் ஃபிலோமினா. ஐம்பதைத் தாண்டிய அம்மாள். யார் என்ன கத்தினாலும் தலையை ஒரே அளவில் ஆட்டுவாள்.

ஆதவன் விஷயத்தை மெல்லிய குரலில் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள்.

“உங்க மாமியாருக்கு மின்னல் இருக்கு சார்,” என்றாள். “மனைவி முதல் வட்டம். அடக்க நேரம் நாலு மணின்னா கண்டிப்பா குடுக்கும். நீங்க சீரியஸ்னு சொன்னதாலதான் குடுக்கல.”

“இப்ப இறந்துட்டார்னு போய்ச் சொன்னா குடுத்துருங்களா?”

“நீங்க சொன்னா உங்களைப் பொறுத்துக் குடுக்கும். நீங்க மருமகன். மூணாவது வட்டம். மூணாவது வட்டத்துக்குத் தென்றல்.”

“சீரியஸ்னா குடும்பத்துக்கே மின்னல் குடுக்கறீங்க. செத்துட்டா எனக்கு பஸ்ஸா?”

“உயிரோட இருந்தா ரத்தம் குடுக்கணும், கையெழுத்துப் போடணும், தூக்கணும், ஆள் வேணும். இறந்தவருக்கு இனி அவசரம் இல்லைங்கறது கமிட்டி கணக்கு. பாக்கறவங்களுக்குத்தான் அவசரம். யார் யார் கண்டிப்பா பாக்கணும்னு உக்காந்து பேசி முடிவு பண்ணியிருக்காங்க. கணவன், மனைவி, புள்ளைங்க, பெத்தவங்க. கூடப் பொறந்தவங்க ரெண்டாவது. அதுக்கே பெரிய சண்டை.”

“நானும் கூண்டுல ஒரு ஓரமா உக்காந்துட்டுப் போறேன் மேடம். நாலு சீட்டு இருக்குதுல்ல?”

“மீதி மூணுலயும் மூணு பேர் வருவாங்க சார். அவங்களுக்கும் யாராவது செத்திருப்பாங்க.”

ஆதவன் திரும்பிக் கறுப்புத் தூணைப் பார்த்தான். அப்புறம் கேட்டான். “அவர் இறந்தது பெட்டிக்குத் தெரியாதுங்களா?”

“தெரியும். பதிவு நேத்தே ஏறிடுச்சு. அதனாலதான் நோயாளியா இல்லைன்னு சொல்லிச்சு. இறந்துட்டார்னு அதுவா சொல்லாது. அந்தச் செய்தியை மிஷின் சொல்லக்கூடாதுன்னு விதி. மனிதாபிமானம்.” மனிதாபிமானம் என்ற சொல்லை அவள் விதி எண் மாதிரிச் சொன்னாள். “அதனால உங்க மாமியாரே வந்து, இறந்தவர் பேரைச் சொல்லி, இறந்துட்டார்னு சொல்லணும். அந்த வார்த்தையேதான் சொல்லணும். போயிட்டார்னு சொன்னா செல்லாது.”

“ஏன்?”

“முன்னாடி செல்லும். ஒருத்தர் வந்து ‘அப்பா போயிட்டாரு’ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதார். மின்னல் குடுத்துச்சு. அப்புறம் பாத்தா அப்பா திருப்பூருக்குப் போயிருக்கார், பனியன் எடுக்க. நாங்க கேஸ் போட்டோம். ‘போயிட்டாருன்னுதானே சொன்னேன், எங்கேன்னு அது கேக்கலையே’ன்னு அவர் சொன்னார். ஜட்ஜ் விட்டுட்டார். அன்னிலேருந்து அந்தச் சொல்லை எடுத்துட்டாங்க. தவறிட்டார், காலமாயிட்டார், சாமிகிட்ட போயிட்டார், எதுவும் கிடையாது.”

“இப்பத்தான் பதிவெல்லாம் இணைச்சாச்சே. பொய் சொல்ல முடியாதே.”

“இணைச்சாச்சு. விதியை யாரும் எடுக்கல.”

அவள் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “நான் வேணா அவங்ககிட்ட சொல்லட்டுமா சார்? நான் தினமும் சொல்றதுதான். வீட்ல யாரும் சொல்லாம அனுப்பிடறாங்க. பெட்டி தென்றல் குடுக்குது. கடைசில அந்தச் சாவு என் தலைல வந்து விழுது.”

“வேண்டாங்க. நானே சொல்றேன்.”

“தண்ணி குடுத்துட்டுச் சொல்லுங்க,” என்றாள் ஃபிலோமினா.

ஆதவன் பாட்டிலோடு திரும்பி நடந்தான். தன் கல்யாணத்தில் தாமோதரன் அவனிடம் பேசியது மொத்தமே நாலைந்து வாக்கியம் இருக்கும். அதில் ஒன்று, ‘நீங்க கோயம்புத்தூரா, தண்ணி நல்லா இருக்கும்.’ அந்த மனிதரின் சாவை அவருடைய மனைவியிடம் தான் போய்ச் சொல்வதாவது என்று இருந்தது அவனுக்கு. அவனைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். இந்த வேலையில் அவனுக்குப் பழக்கமே கிடையாது.

செண்பகவல்லி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

“அத்தை, தண்ணி குடிங்க.”

அவள் பாட்டிலைப் பார்த்தாள். “கால்கரியில ஏறுனதுலருந்து தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கீக. இன்னும் ஒரு பாட்டில் குடிச்சேன்னா நான் எந்த வண்டியிலயும் ஏற முடியாது.”

“இல்லைங்க அத்தை, வந்து… மாமா…”

“அந்தப் பொட்டியில நான் என்ன சொல்லணுமாம்?” என்று கேட்டாள் அவள்.

ஆதவன் பாட்டிலைப் பக்கத்து நாற்காலியில் வைத்தான்.

“உங்களுக்குத் தெரியுங்களா?”

“வசந்த் போன் பண்ணி, ‘அம்மா, சாப்பிட்டியா’ன்னு கேட்டான். அவன் பேசப் பழகுனதுலருந்து அந்தக் கேள்வியை என்கிட்ட கேட்டதில்ல. நான்தான் அவன்கிட்ட கேப்பேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் நீங்க பெட்டியில என் துணியெல்லாம் மடிச்சு வைக்கிறதைப் பாத்தேன். மாப்பிள்ளை வந்து மாமியா சேலையை மடிக்கிறாருன்னா வேற என்ன?”

“ஏன் அத்தை சொல்லலை?”

“யார்கிட்ட சொல்ல? உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா, அடுத்த தடவை இலக்கியா போன் பண்ணும்போது உங்க குரல் உடைஞ்சிரும். பச்சை உடம்புக்காரி. அப்பான்னா அவளுக்கு உசுரு. இப்பத் தெரிஞ்சா பால் வத்திரும். நாப்பது கழியட்டும்னு இருந்துட்டேன்.” அவள் நிறுத்தினாள். “நீங்க அவகிட்ட சொல்லலையே?”

“இல்லைங்க அத்தை.”

“சொல்லிராதீக.”

இரண்டு விமானத்திலும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவன் தலையணையைச் சரிசெய்து கொடுத்ததும், இவள் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டதும் ஆதவனுக்கு நினைவு வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமியார் முன்னால் அழுவது முறையா என்று தெரியாமல் தொண்டையைச் செருமினான்.

“அழுறதை அங்க போய் வச்சுக்கலாம் மாப்ள. எத்தனை மணிக்கு எடுக்காக?”

“நாலு மணிக்குங்க.”

அவள் எழுந்தாள். போகும்போதே அவன் விதியைச் சொன்னான். முதல் வட்டம், பேர், அந்த வார்த்தை. அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். ‘பேர்’ என்று அவன் சொன்ன இடத்தில் மட்டும் ஒரு எட்டு தயங்கினாள். ஆதவனுக்கு அது புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து செண்பகவல்லி புருஷன் பேரைச் சொன்னதில்லை. வங்கியில் எழுதிக் காட்டுவாள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வாள். ‘இந்தக் காலத்துல இதென்னம்மா’ என்று இலக்கியா எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். தாமோதரன்கூட, சொல்லித்தான் பாரேன், எனக்கு ஒண்ணும் ஆகாது என்று சிரித்திருக்கிறார். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று அவளுடைய அம்மா சொல்லி வைத்திருந்தாள். அது பொய்யாகவே இருக்கட்டும், எதற்கு வம்பு என்று இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

“வணக்கம். உங்கள் நோக்கத்தைக் கூறவும்.”

“சாவுக்குப் போறேன்,” என்றாள் செண்பகவல்லி.

“இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?”

“வீட்டுக்காரங்க.”

“வீட்டு உரிமையாளர் மரணத்துக்குச் சலுகை இல்லை.”

“மனைவின்னு சொல்லுங்க அத்தை,” என்றான் ஆதவன்.

“அறிவிப்பவர் மட்டும் பேசவும்,” என்றது பெட்டி.

“நான் அவங்க சம்சாரம். மனைவி.”

“இறந்தவரின் பெயர்?”

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். மூடினாள். “வசந்தோட அப்பா.”

“பெயரைக் கூறவும்.”

“பெருமாள் பேருதான்.”

“பெருமாள் என்ற பெயரில் உங்களுக்கு உறவினர் யாரும் இல்லை.”

“அது இல்ல. கிருஷ்ணரு சின்னப் பிள்ளையில வெண்ணெய் திருடுனதுக்கு, யசோதை இடுப்புல கயிறு போட்டு உரல்ல கட்டிப் போட்டாளே? அந்தப் பேரு.”

பெட்டி இந்த முறை இரண்டு நொடி எடுத்துக்கொண்டது. “சிறுவர் ஒருவர் கட்டிப் போடப்பட்டதாகக் கூறியுள்ளீர்கள். காவல்துறையை இணைக்கவா?”

“வேண்டாம், வேண்டாம்,” என்று ஆதவன் பதறினான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஃபிலோமினா மேஜையை விட்டு எழுந்து வந்து செண்பகவல்லியின் பக்கத்தில் நின்றாள். தலையை ஆட்டவில்லை.

செண்பகவல்லி முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

“தாமோதரன்,” என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். யாரையோ பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிற குரல். சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருந்தாள், பதில் வரும் என்று எதிர்பார்க்கிறவள் போல.

“தாமோதரன். பதிவு உள்ளது. அவருக்கு என்ன நேர்ந்தது என்று கூறவும்.”

“தவறிட்டாங்க.”

“எதைத் தவறவிட்டார் என்று கூறவும்.”

“போயிட்டாங்க.”

“‘போயிட்டார்’ என்பது ஏற்கப்படாது. போனவர் திரும்பி வரக்கூடும்.”

வரிசையில் யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி அப்படியே நிறுத்திக்கொண்டார். ஆதவன் தரையைப் பார்த்தான். அந்தத் தூணை உதைக்க வேண்டும் என்று அவனுக்குக் கால் துடித்தது.

செண்பகவல்லி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, புரியாத குழந்தைக்கு ஒரு விஷயத்தைச் சொல்வது போல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“வர மாட்டாங்க. இறந்துட்டாங்க. தாமோதரன் இறந்துட்டாங்க.”

“நன்றி. உங்களுக்கு மின்னல் ஒதுக்கப்படுகிறது. கீழ்த்தளம், மூன்றாவது வாசல். உடன் வருபவருக்குத் தென்றல். பயணம் இனிதாகுக.”

ஃபிலோமினாவே அவளைக் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போனாள். கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் ஆதவனை விட்டார்கள். கூண்டில் ஏற்கனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்; மூன்று பேரும் யாரையும் பார்க்காமல் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க வரலையா மாப்ள?” என்றாள் செண்பகவல்லி.

“பின்னாடியே வந்துடறேன் அத்தை. சென்ட்ரல் வாசல்லயே வசந்த் கார் வச்சுட்டு நிப்பான்.”

“நீங்களும் ஒரு தடவை முகம் பாத்திருக்கலாம்,” என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது. தன் துக்கத்துக்கு வராத அழுகை மாப்பிள்ளைக்குப் பஸ் கிடைத்ததற்கு வந்தது. கதவு மூடியது. கூண்டு போன சத்தம்கூடக் கேட்கவில்லை.

தென்றல் அருமையான பஸ். குளிர்சாதனம், அகலமான இருக்கை, பெரிய ஜன்னல். அவசரமில்லாதவர்கள் வேடிக்கை பார்க்க விரும்புவார்கள் என்று யாரோ யோசித்துச் செய்திருந்தார்கள். ஆதவனுக்குப் பக்கத்தில் ஒரு தம்பதி முறுக்கு தின்றுகொண்டு வந்தது. முன்னிருக்கைக்காரர் பட்டமளிப்பு விழாவுக்குப் போவதாகவும், மகளுடைய விழாவுக்குத் தென்றல் கொடுத்த நாட்டில் மழை எப்படிப் பெய்யும் என்றும் டிரைவரில்லாத அந்த வண்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வசந்திடமிருந்து செய்தி வந்தது. ‘அம்மா வந்துட்டாங்க. அப்பா பக்கத்துல உக்காந்திருக்காங்க.’ ஆதவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். எப்படியாவது என்றார்கள், எப்படியோ நடந்துவிட்டது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டதில் அவனுக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. சாவு வீட்டுக்குப் போகிறவன் சந்தோஷப்படுகிறோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

அப்போதுதான் இலக்கியா கூப்பிட்டாள். அவன் வீடியோவை அணைத்துவிட்டு எடுத்தான்.

“ஆதவ், இறங்கிட்டியா? ஏன் கூப்பிடவே இல்ல?”

“இப்பத்தான் இலக்கி. லக்கேஜ் லேட்டாயிடுச்சு. பாப்பா தூங்கறாளா?”

“மடியில கெடக்கா. அப்பா எப்படி இருக்காங்க?”

“அப்படியேதான் இருக்காராம். சீரியஸாதான் இருக்காராம். டாக்டர் பாத்துட்டிருக்காங்க.” குரல் உடையவில்லை. செண்பகவல்லி பயந்த அளவுக்குத் தான் மோசமில்லை என்று நினைத்துக்கொண்டான்.

“அம்மாகிட்ட குடு.”

“அம்மா முன்னாடியே… மின்னல்ல அனுப்பிட்டேன். சீக்கிரம் போகட்டும்னு.”

“நீ?”

ஆதவன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பஸ்ஸின் கூரையிலிருந்து ஓர் இனிமையான பெண் குரல் எல்லா இருக்கைக்கும் கேட்கும்படி பேசியது. “தென்றல் பயணிகளுக்கு வணக்கம். உங்கள் இடப்புறம் தெரிவது பெரிய ஏரி. குளிர்காலத்தில் இங்கே நாரைகள் வரும். புகைப்படம் எடுக்க விரும்புவோருக்காக வண்டி சிறிது நேரம் நிற்கும்.”

வண்டி நின்றது. முறுக்குத் தம்பதி எழுந்தார்கள்.

போனின் அந்தப் பக்கம் குழந்தை உறிஞ்சுகிற சப்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

“இலக்கி?” என்றான் ஆதவன். “கூட்டமா இருந்துச்சு, கூண்டுல இடம் இல்லைன்னுட்டாங்க, அதான் நான்…”

“போன வருஷம் பெரியப்பா சாவுக்கு வந்தப்ப, அவர் மகனை மின்னல்ல ஏத்திட்டு என்னைத் தென்றல்லதான் அனுப்புச்சு,” என்றாள் அவள். “சீரியஸ்னா எல்லாரையும் ஒண்ணா அனுப்பும்.”

அவன் கையால் போனின் வாயைப் பொத்திக்கொண்டான். அது காலம் கடந்த காரியம்.

அவளே கேட்டாள். “எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?”

“நாலு மணிக்கு.”

“அம்மா பாத்துட்டாங்களா?”

“பாத்துட்டாங்க. பக்கத்துலயே உக்காந்திருக்காங்களாம்.”

அவள் அழுவது கேட்டது. குழந்தையை எழுப்பிவிடாமல் அழ முயல்கிற அழுகை. ஆதவன் ஜன்னல் பக்கம் திரும்பி, ஏரியைப் பார்த்தபடி, மாமியார் முன்னால் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதான். வெளியே ஜனங்கள் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

“ஆதவ்,” என்றாள் இலக்கியா.

“சொல்லு.”

“எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாத. பால் வத்திடும்னு பயந்துப்பாங்க. அவங்களா சொல்லட்டும்.”

“சரி,” என்றான் ஆதவன்.